மஞ்சள் மூடி

இப்போதெல்லாம் மனிதர்கள் குரங்கிடம் அனுமதி கேட்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிளம் மரத்தை உலுக்க யாரும் அனுமதி கேட்பதில்லை. பஸ்ஸில் கிழவன் கால்மேல் ஏறி நிற்க அனுமதி கேட்பதில்லை. பெற்ற தாய் தகப்பனை விட்டுவிட்டு ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போக அனுமதி கேட்பதில்லை. குரங்கிடம் மட்டும் கேட்கிறார்கள். வாயில் ஊதல், கையில் உலர்திராட்சை, "கண்ணு, கையைக் கொஞ்சம் நீட்டுறியா?" என்று ஒரு கொஞ்சல். குரங்குக்கு மனமில்லை என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. மனமில்லாத குரங்குக்கு அவ்வளவு மரியாதை. மனமில்லாமல் காலமெல்லாம் சாணி அள்ளிய மனிதனுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

ருஸ்கோவுக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பல்கேரியாவில், டன்யூப் ஆற்றுக்கு மேலே குன்றின்மேல் இருந்த நகர மிருகக்காட்சி சாலையில் அவர் தள்ளுவண்டி தள்ளத் தொடங்கிய காலத்தில் வாசலில் கட்சித் தலைவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. படங்கள் போயின, வாசல் துருப்பிடித்தது, ருஸ்கோ மட்டும் இருந்தார். ஓய்வு வயது எப்போதோ தாண்டிவிட்டது. குரங்கு வீட்டு வேலைக்கு வேறு ஆள் வரவில்லை என்பதுதான் காரணமே தவிர, அவர்மேல் யாருக்கும் பிரியம் பொங்கி வழியவில்லை.

அந்தக் குரங்கு வீட்டில் பென்கா இருந்தாள். செம்முகக் குரங்கு. தலைநகரில் ஏதோ மருந்துக்கூடத்தை மூடியபோது மரப்பெட்டியில் போட்டு அனுப்பிவைத்த குட்டி. நெஞ்சில் பச்சை குத்திய எண் இருந்தது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட ருஸ்கோவுக்கு வாய் வரவில்லை. செத்துப்போன தன் சித்தியின் பெயரை வைத்தார். சித்திக்கும் இதே மாதிரி மூக்கு. வங்கிகள் கவிழ்ந்து, ரொட்டிக்கு வரிசை நின்ற அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்தில், ஓநாய்கள் செத்தன, மயில்களை யாரோ சமைத்துத் தின்றார்கள், பென்கா பிழைத்தாள். ருஸ்கோவின் ரொட்டியில் பாதி அவளுடையதாக இருந்தது. அதற்காக அவரை யாரும் மேடையேற்றிப் பேசவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அவளுடைய கூண்டு கசாப்புக் கடை மாதிரி வெள்ளை ஓடு பதித்தது. ஓர் இரும்புப் பலகை, ஒரு டயர், தண்ணீர்த் தொட்டி. தினமும் குழாயால் அடித்துக் கழுவினால் பளபளவென்று இருக்கும். பென்கா பலகையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள். முழங்கைக்குக் கீழே முடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை கத்தரிக்காய்த் தோல் மாதிரி வழவழத்துக் கிடந்தது. அரிப்பு என்று ருஸ்கோ சொல்லிவந்தார். பன்றிக் கொழுப்பு தடவிப் பார்த்தார். அதையும் அவள் நக்கிவிட்டுப் பிடுங்கினாள்.

அப்புறம்தான் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து சட்டம் வந்தது. சட்டத்தோடு ராலிட்சாவும் வந்தாள்.

ராலிட்சா வெளியூர்க்காரி அல்ல. கீழே மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் பிறந்தவள்தான். படிக்க ஹாலந்துக்குப் போனாள், அங்கேயே குரங்குகளைப் பழக்கும் வேலையில் பல வருஷம் இருந்தாள், முப்பது தாண்டித் திரும்பி வந்தாள். வந்த முதல் நாள் கேன்டீனில் ஒரு கூத்து நடந்தது. சமையற்காரி ஸ்தான்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு, "பீன்ஸ் சூப் ஊத்தட்டுமா?" என்றாள். ராலிட்சா சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினாள். ஸ்தான்கா அகப்பையைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், இடமும் வலமுமாக ஆட்டினால்தான் ஆமாம். பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ராலிட்சா காலித் தட்டைப் பார்த்து முழித்தாள்.

"ஹாலந்துல தலையை மாத்தி வச்சு அனுப்பிட்டாங்க போல" என்றார் ருஸ்கோ. கேன்டீனே சிரித்தது. அவர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

சட்டம் சொன்னது இதுதான். குரங்கைத் தனியாக வைக்கக் கூடாது. காலியாகக் கிடந்த கரடிக் குழியை உடைத்து வலை போட்டார்கள், கண்ணாடி வைத்தார்கள், மரக்கட்டைகள் நட்டார்கள். தீயணைப்பு நிலையத்தில் கிழிந்துபோன குழாய்களை வாங்கித் தூளி பின்னித் தொங்கவிட்டார்கள். மூடிப்போன சர்க்கஸ் ஒன்றிலிருந்து நாலு செம்முகக் குரங்குகள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றுக்குத் தலைவன் பாஷா, தோள் அகன்ற கிழட்டு ஆண். அவனுக்கு அடுத்தது சிவ்கா என்ற சாம்பல் நிறப் பெண். பென்கா அந்தக் கூட்டத்தோடு சேர வேண்டும்.

"சேரலேன்னா?" என்று ருஸ்கோ கேட்டார்.

டைரக்டர் துலேவ் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். கசாப்புக்காரர் மகன். ருஸ்கோ அவரை டவுசர் போட்ட காலத்திலிருந்து அறிவார். "சேரலேன்னா ஹங்கேரியில ஒரு காப்பகம் இருக்கு அண்ணே. லாரியில ஏத்திர வேண்டியதுதான்."

"அவ்வளவு தூரம் அவ தாங்க மாட்டா. நெஞ்சு பலவீனம்."

"அது என் கையில இல்லை."

"எது உன் கையில இருந்திருக்கு? ரொட்டி இல்லாதப்ப இந்தச் சட்டம் எங்கே போச்சு? அப்ப ஒருத்தனும் வந்து, ஐயா, குரங்கு தனியா இருக்கே, பேச்சுத் துணை வேணுமேன்னு கேக்கலையே!"

துலேவ் போனை எடுத்தார். பதில் தெரியாதவன் போனை எடுப்பான்.

பென்காவைக் கரடிக் குழியை ஒட்டிய அறைக்கு மாற்றினார்கள். நடுவில் கயிறு இழுத்தால் மேலேறும் இழுவைக் கதவு, அதன் பக்கத்தில் கம்பி வலை, ஆட்கள் நிற்கும் பக்கத்திலும் கம்பி வலை. தரையெல்லாம் வைக்கோல். ராலிட்சா சூரியகாந்தி விதையை அள்ளி அந்த வைக்கோலில் விசிறியபோது ருஸ்கோவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஏம்மா, தட்டு இருக்குல்ல?"

"தேடித் தின்னட்டும் மாமா. காட்டுல நாள் முழுக்க தேடிக்கிட்டுத்தானே இருக்கும்?"

"பசி என்னன்னு தெரியாதவங்க பேசுற பேச்சு இது. நான் பாத்திருக்கேன், மனுஷன் குப்பையில தேடித் தின்னதை. அதுக்கு நீ விளையாட்டுன்னு பேரு வைக்கிற."

"அவளுக்கு வேற வேலை என்ன இருக்கு? வேலை இல்லாமத்தான் கையைப் பிடுங்குறா."

"அரிப்பு!"

"அரிப்பு இல்ல மாமா. தனிமை."

"ஓ! அப்ப எனக்கும்தான் தலையில முடி இல்ல" என்று தொப்பியைக் கழற்றிக் காட்டினார். ராலிட்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கு இன்னும் எரிச்சல்.

இழுவைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பாவின் மஞ்சள் மூடியைத் தொங்கவிட்டாள் ராலிட்சா. பென்கா அதைத் தொட்டால் ஊதல், ஊதல் கேட்டால் உலர்திராட்சை. பிறகு தொட்டபடி கம்பி வலைக்கு வெளியே மறு கையை நீட்டினால் இரண்டு திராட்சை. பிறகு நீட்டிய கையில் மழுங்கிய குச்சி, பிறகு ஊசியில்லாத ஊசிக்குழல். மஞ்சள் மூடியைத் தொட்டால் "சரி, எனக்குச் சம்மதம்" என்று பொருளாம். தொடாவிட்டால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

"சர்க்கஸ்" என்றார் ருஸ்கோ. அவருடைய வழி வேறு. நீளக் கழியில் கட்டிய வலை. டாக்டர் வந்தால் குழாயால் தண்ணீர் அடித்து மூலைக்கு ஒதுக்கி, ஒரே வீச்சு. வலையால் எந்தக் குரங்கும் செத்ததில்லை.

கோடை முற்றி, ஊரெல்லாம் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுடும் வாசனை வந்த சமயம் பென்காவின் கையில் மெல்லிசாக முடி முளைத்திருந்தது. ராலிட்சா கூட்டிப்போய்க் காட்டினாள். ருஸ்கோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெயில்காலத்துல அரிப்பு குறையும்" என்றார்.

ஆனால் கம்பி வலை வழியாகச் சிவ்கா விரலை நீட்டுவதையும், பென்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பதையும் அவர் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு போவார்.

கதவைத் திறக்கும் நாள் வந்தது. ராலிட்சா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மக்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து குழி முழுக்கத் தெரியும். ருஸ்கோ அறைக்குப் பின்னால் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்த துவாரம் வழியாகக் கதவு வாசலும், நேரே ராலிட்சாவின் முகமும் தெரியும்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது மாமா. சத்தம் கேட்டா மிரண்டுரும். தலையை ஆட்டுறேன், பாத்துக்குங்க."

பென்கா மஞ்சள் மூடியைத் தொட்டாள். ருஸ்கோ கயிற்றை இழுத்தார். கதவு ஏறியது.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பென்கா வாசலில் உட்கார்ந்து மண்ணை முகர்ந்தாள். இத்தனை காலம் வெள்ளை ஓடும் சிமென்ட்டுமாகவே பார்த்தவள், ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சிவ்கா இறங்கி வந்தது. அப்புறம் பாஷா இறங்கினான். முடி சிலிர்த்து, வாயைப் பிளந்துகொண்டு ஒரே ஓட்டமாக வந்தான். பென்கா அலறிக்கொண்டு கதவைப் பார்த்து ஓடி வந்தாள். பின்னாலேயே பாஷா.

ருஸ்கோ கயிற்றில் கை வைத்து, மூடவா என்று புருவத்தைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் ராலிட்சா தலையை இடமும் வலமுமாக வேகவேகமாக ஆட்டினாள்.

ஆமாம், ஆமாம் என்கிறாள். ருஸ்கோ கயிற்றை விட்டார்.

கதவு பென்காவின் முகத்துக்கு எதிரே விழுந்தது. அவள் அதில் மோதினாள். தப்பிக்க இருந்த ஒரே வழி அதுதான். கதவின் அந்தப் பக்கம் நடந்ததை ருஸ்கோ பார்க்கவில்லை, கேட்டார். சிவ்கா குறுக்கே விழுந்து கத்தியதால் பாஷா சீக்கிரமே விட்டுவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். ராலிட்சா ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டு, தொங்கிய கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்கினாள். பென்கா உள்ளே உருண்டு வந்தாள். ஒரு காது கிழிந்து தொங்கியது. புறங்கையில் எலும்பு தெரிந்தது.

"ஏன் மூடினீங்க? வேண்டாம்னுதானே சொன்னேன்!"

"நீ தலையை ஆட்டினே!"

"வேண்டாம்னு ஆட்டினேன்!"

"இந்த ஊர்ல எவ ஆட்டினாலும் அது ஆமாதான்! உன் ஆத்தாவைக் கேளு! கல்யாணத்துல பாதிரியார் கேட்டப்ப உங்கம்மா எப்படி ஆட்டினான்னு கேட்டுட்டு வா!"

ராலிட்சாவின் முகம் வெளுத்தது. "பதட்டத்துல... மறந்துட்டேன் மாமா."

"மறந்துட்டே! ஆமாவையும் இல்லையையும் தொலைச்சிட்டு வந்திருக்கே, இதுல குரங்குக்குச் சம்மதம் கத்துக்குடுக்குற!"

நன்றாகத்தான் இருந்தது, சொல்லும்போது. சொல்லி முடித்ததும் கேன்டீனும் காலித் தட்டும், தான் தொடையில் தட்டிச் சிரித்ததும் அவர் கண்முன் வந்து நின்றன. இவள் தலை தலைகீழ் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கயிற்றை விட்டார். அந்த நினைவை அவர் ஈயை விரட்டுவது போல விரட்டினார். கோபம் இரண்டு பங்காயிற்று.

டாக்டர் வந்தார். மயக்க மருந்து கொடுத்தால் இந்த நெஞ்சு தாங்காது, மரத்துப்போக மட்டும் ஊசி போட்டுத் தைக்கலாம், ஆனால் பிடிக்க வேண்டும் என்றார். ருஸ்கோ போய் வலையை எடுத்து வந்தார்.

வலைக்கழி வாசலில் தெரிந்ததுமே பென்கா மூலையில் ஒடுங்கினாள். அவளுக்குக் கீழே வைக்கோல் மூத்திரத்தில் நனைந்தது. வலையைக் கண்டால் எப்போதும் அப்படித்தான் நனையும். குழாயால் அடித்த தண்ணீர்தானே என்று ருஸ்கோ அதைக் கவனித்ததே இல்லை. இன்றைக்குக் காய்ந்த வைக்கோலில் அது பளிச்சென்று தெரிந்தது.

"வலையை வெளியே வையுங்க" என்றாள் ராலிட்சா. "கொஞ்ச நேரம் குடுங்க. தயவுசெய்து."

அவள் கம்பி வலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துப் பென்கா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். ராலிட்சாவைப் பார்த்தாள். நல்ல கையால் மஞ்சள் மூடியைத் தொட்டாள். கிழிந்த கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

ஊசி ஏறியபோது உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினாள். கையை இழுக்கவில்லை. தையலுக்கும் இழுக்கவில்லை. காதை மட்டும் தொடவிடவில்லை. அதைத் தைக்க முடியாமலே போயிற்று.

ருஸ்கோ வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பிடித்தார். யாரை அடிப்பது என்று தெரியாமல் தள்ளுவண்டியை உதைத்தார். கால் கட்டை விரல் வீங்கியது.

துலேவ் வந்து காயத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "போதும். பேப்பர்க்காரன் காதுக்குப் போகுறதுக்குள்ள முடிச்சிரலாம். புண் ஆறட்டும், லாரிக்குச் சொல்லிடுறேன். இனிமே அந்தக் கதவைத் திறக்கக் கூடாது."

"இன்னொரு தடவை பார்க்கலாம் சார்" என்றாள் ராலிட்சா. "தப்பு எங்களோடது. குரங்குகளோடது இல்லை."

"எங்களோடதா? உன்னோடது!" என்றார் ருஸ்கோ.

லாரி வரும் நாள் காலையில் ருஸ்கோ ஓர் அவித்த முட்டை கொண்டு வந்தார். பென்காவுக்கு முட்டை என்றால் உயிர். பசி வருஷத்தில்கூட ஈஸ்டர் பண்டிகைக்குச் சிவப்புச் சாயம் போட்ட முட்டை ஒன்று அவளுக்கு உண்டு. போக்குவரத்துப் பெட்டி வாசலில் வந்து கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராலிட்சா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிறகு உள்ளே வர துலேவ் அவளுக்கு அனுமதி தரவில்லை.

"இந்தா" என்று முட்டையை உரித்து நீட்டினார். "வழியில இதெல்லாம் கிடைக்காது."

பென்கா முட்டையைப் பார்க்கவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிவ்கா உட்கார்ந்திருந்தது. இருவர் விரல்களும் வலையில் பின்னிக் கிடந்தன. பென்கா எழுந்தாள். கதவிடம் போனாள். மஞ்சள் மூடியைத் தொட்டாள். திரும்பி ருஸ்கோவைப் பார்த்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

மறுபடியும் தொட்டாள்.

"உனக்குப் பைத்தியமா? காதைப் பாத்தியா உன் காதை? இந்தக் காதைப் பிய்ச்சவன் அங்கேதான் உட்கார்ந்திருக்கான். ரொட்டி குடுத்தவன் இங்கே நிக்கிறேன். உனக்கு அங்கே போகணும்!"

பென்கா மூடியின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. ஊதலுக்காகவும் திராட்சைக்காகவும் காத்திருக்கிற கை அல்ல அது. அவரிடம் திராட்சை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியில் ஏற்றினால் அவள் ஹங்கேரி போய்ச் சேர மாட்டாள். இங்கே திறந்தால் பாஷா மறுபடியும் கடிக்கலாம். இரண்டில் எதையும் ருஸ்கோ கேட்டு வாங்கவில்லை. ஹாலந்தையும் சட்டத்தையும் துலேவின் அப்பாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே முட்டையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். துவாரத்தில் வாயை வைத்துக் குன்றே அதிரக் கத்தினார்.

"ஏய்! திறக்கவா வேண்டாமா? தலையை ஆட்டினே, தொலைச்சிருவேன்! வாயைத் திறந்து சொல்லு!"

"திறங்க!" என்று ராலிட்சா கத்தினாள். "என்ன ஆனாலும் மூடாதீங்க! மூடாதீங்க!"

கதவு ஏறியது.

பாஷா வந்தான். முடி சிலிர்த்தது. பென்கா அலறிக்கொண்டு கதவு வழியாக உள்ளே ஓடி வந்தாள். ருஸ்கோ கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அவர் மூடவில்லை. பாஷா வாசலில் நின்றான், உள்ளே எட்டிப் பார்த்தான், தரையை அறைந்தான், போய்விட்டான். பென்கா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மறுபடியும் எழுந்து போனாள். மறுபடியும் துரத்தினான், மறுபடியும் வந்தாள். வழி திறந்தே இருந்தது. வெயில் ஏற ஏற அவன் துரத்துகிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு முறைப்பு, அவ்வளவுதான். சிவ்கா பென்காவின் கிழிந்த காதைச் சுற்றி ஒவ்வொரு முடியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. யாரையும் தொடவிடாத காது. பென்கா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் துலேவ் ஓடி வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். லாரிக்காரன் பின்னால் வந்து, "எதை ஏத்தணும்?" என்று கேட்டான். துலேவ் போனை எடுத்தார், மறுபடியும் பையில் போட்டார். "இன்னைக்கு ஒண்ணும் இல்லை. நீ போ" என்றார்.

ராலிட்சா சுற்றிக்கொண்டு ருஸ்கோவிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "மாமா..."

"அழுதே, கயித்தை விட்டுருவேன்" என்றார். "அவன் இன்னைக்கு வயிறு முட்டத் தின்னிருக்கான். அதான் சும்மா இருக்கான்."

"அவ கேட்டா. நீங்க திறந்தீங்க. அவ்வளவுதான் விஷயம்."

"அவ ஒண்ணும் கேக்கலை. மூடியில ஈ உட்கார்ந்திருந்துச்சு."

அவர் கதவுக் கயிற்றைக் கொக்கியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார், யாரும் தவறி விட்டுவிடாதபடி. வலையைக் கழியோடு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதை எரிச்சிரலாமே மாமா?"

"எரிக்கிறதா? நல்ல வலை. என் திராட்சைப் பந்தலை மைனா விட்டு வைக்கலை."

"நாளைக்குக் காலைல வருவீங்கல்ல?"

ருஸ்கோ தலையை அசைத்தார். எப்படி அசைத்தார் என்று ராலிட்சாவுக்குப் புரியவில்லை. "வாயால சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. வெறுங்குழிக்குள் வைக்கோலும் கிழிந்த குழாயும் போட்டுவிட்டால் அது வீடாகிவிடுமா? இலையுதிரட்டும், பனி விழட்டும், கஞ்சத்தனமாக நிலக்கரி கொடுப்பார்கள், அப்போது யார் யார் முதுகைச் சொறிகிறார்கள் என்று பார்க்கலாம். சட்டைப் பையில் கை விட்டார். உரித்த முட்டை நசுங்கி, புகையிலைத் தூள் ஒட்டிக் கிடந்தது. ஊதித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பில்லை என்று முணுமுணுத்தபடி, ஆற்றைப் பார்த்துச் சரிவில் இறங்கிப் போனார்.